ஒருமுறை விற்ற ஒலிப்பதிவு: 14ஆம் பிரிவில் ஒரு தொடர் வந்ததும் போனதும்

காசு கொடுத்து வாங்கிய கேசட்டை வாடகைக்கு விடலாமா, பழைய இசைத்தட்டை மறுபடி விற்கலாமா என்ற கேள்விகள் எழும்போது, 2009 ஏப்ரலில் தில்லி உயர் நீதிமன்றம் வார்னர் பிரதர்ஸ் வழக்கில் தந்த தீர்ப்பைத்தான் பலரும் எடுத்துவைக்கிறார்கள். அமெரிக்காவில் விற்ற டிவிடிகளை இங்கே வாடகைக்கு விட்ட கடைமீது தொடுத்த வழக்கு அது. நீதிபதி எஸ். ரவீந்திர பட் வாடகையைத் தடுத்ததில் எனக்குப் பிணக்கில்லை. அன்றைய பதிப்புரிமைச் சட்டத்தில் அதற்கு நேரடியாகவே இடம் இருந்தது. அதற்கு அவர் சொன்ன காரணம் தேவைக்கு மீறி நீள்கிறது என்பதே என் வாதம்.

அவர் அந்தச் சட்டத்தின் 14ஆம் பிரிவில் இரண்டு உட்பிரிவுகளை அருகருகே வைத்துப் படித்தார். நூலைப் பொறுத்தவரை, ஏற்கெனவே புழக்கத்துக்கு வந்த பிரதிகள் உரிமையாளரின் பிடியில் இல்லை. திரைப்படத்திலோ, பிரதி முன்பே விற்கப்பட்டதா, வாடகைக்குப் போனதா என்று பாராமல் உரிமை நீடிக்கும் என்ற தொடர் அன்று இருந்தது. ஆகவே, முதல் விற்பனையோடு உரிமை தீர்ந்துவிடும் என்ற கோட்பாட்டை நாடாளுமன்றம் தெரிந்தே திரைப்படத்துக்கு மறுத்தது என்றார். ஒலிப்பதிவுக்கும் அதே தொடர்தான் இருந்தது. இந்த வாசிப்பை அங்கே கொண்டுபோனால், தான் காசு கொடுத்து வாங்கிய இசைத்தட்டை விற்பவரும் உரிமையை மீறியவர் ஆகிவிடுவார்.

அந்தத் தொடர் எப்போது நுழைந்தது என்று பார்க்க வேண்டும். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் இயற்றப்பட்டபோது இசைத்தட்டின் உரிமையாளருக்கு இருந்தவை மறுபதிவு, பொது இடத்தில் ஒலிக்கச் செய்தல், வானொலியில் பரப்புதல் ஆகியவை. வாடகை பற்றிய பேச்சு 51ஆம் பிரிவில் மட்டும் வந்தது. அதுவும் உரிமை மீறி எடுத்த பிரதிகளைப் பற்றியது. ஒழுங்காக வாங்கிய தட்டின் வாடகை சட்டத்தின் கண்ணில் படவே இல்லை. வெற்றுக் கேசட்டில் வீட்டிலேயே பதிவு செய்வது எளிதான பிறகுதான் அந்த வாடகை ஆபத்தாகத் தெரிந்தது. ஜப்பானில் 1980இல் இசைத்தட்டு வாடகைக் கடைகள் தோன்றின. அமெரிக்கா 1984இல் தனிச் சட்டமே கொண்டுவந்தது. அமெரிக்கச் சட்டம் வணிக வாடகையைத் தடுத்ததே தவிர, மறுவிற்பனையைத் தொடவில்லை.

இந்தியாவில் அந்தத் தொடர் 1994ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் கையெழுத்தான, அறிவுசார் சொத்துரிமை பற்றிய டிரிப்ஸ் உடன்படிக்கை ஒலிப்பதிவுக்கு வாடகை உரிமையைக் கேட்டது; மறுவிற்பனையைப் பற்றிக் கேட்கவில்லை, உரிமை எப்போது தீரும் என்பதை நாடுகளிடமே விட்டுவிட்டது. ஆனால் திருத்த மசோதா 1992லேயே நாடாளுமன்றத்துக்கு வந்துவிட்டது. ஆகவே தொடரின் மூலம் உடன்படிக்கைதானா, உள்நாட்டு வீடியோ வாடகைத் தொழிலின் மீதான அச்சமா என்பதைத் தேதிகளை வைத்து மட்டும் தீர்க்க முடியாது. எதுவானாலும் நோக்கம் வாடகைதான் என்பதை நான் அழுத்திச் சொல்வேன். விற்பனை என்ற சொல் அதே வாக்கியத்தில் கூடவே வந்து அந்தத் தொடருக்குள் அகப்பட்டுக்கொண்டது.

இதற்கு நேரடிச் சான்று இல்லை. பின்னால் நடந்ததே என் துணை. கணினி நிரல் பற்றிய உட்பிரிவிலும் 1994இல் இதே தொடர் இருந்தது. 1999இல் அதை நீக்கி, ‘வணிக வாடகை’ என்று மாற்றினார்கள். திரைப்படத்துக்கும் ஒலிப்பதிவுக்கும் அதே மாற்றம் 2012இல்தான் வந்தது. தீர்ப்பு சொல்வதுபோல மறுவிற்பனையைக் கட்டுக்குள் வைப்பது தெரிந்தெடுத்த கொள்கை என்றால், அதைத் தாங்கிய ஒரே தொடரை இரண்டு முறை எடுத்துப்போட்டிருப்பார்களா?

மறுதரப்புக்கும் ஒரு பிடி உண்டு. 2012இல் தொடரை எடுத்தவர்கள், நூலுக்கு உள்ள விலக்கை ஒலிப்பதிவுக்குச் சேர்க்கவில்லை. விற்கும் உரிமை உட்பிரிவில் இன்னும் இருக்கிறது. நீக்கியதே போதும் என்பது என் துணிபு. அதை முடிந்த முடிவாகச் சொல்ல மாட்டேன்.

இரவல் விஷயத்தில் 2012ஆம் ஆண்டுத் திருத்தம் தெளிவு தந்தது, ஓரளவுக்கு. இலாப நோக்கமற்ற நூலகமோ கல்வி நிறுவனமோ, முறையாக வாங்கிய சி.டி.யை இலாப நோக்கமின்றி இரவலோ வாடகையோ கொடுத்தால் அது வணிக வாடகை ஆகாது. அந்த நூலகம் அரசு மானியமோ வருமான வரி விலக்கோ பெற்றிருக்க வேண்டும். இரண்டும் இல்லாத தெருமுனை வாசகசாலை, தட்டைப் பழுதுபார்க்க வசூலிக்கும் சிறு தொகை எந்தப் பக்கம் சேரும் என்பதற்கு வரையறையில் விடை இல்லை. வணிக வாடகை எது அல்ல என்று மட்டுமே அது சொல்கிறது.