பெர்டினாண்ட் ஸ்டோலிச்கா

பெர்டினாண்ட் ஸ்டோலிச்கா (1838 – சூன் 19, 1874) மொராவியாவில் பிறந்த தொல்லுயிரியலாளர், நிலவியலாளர், இயற்கை வரலாற்று ஆய்வாளர் ஆவார். இன்றைய அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களிலும் அவற்றை அடுத்த பகுதிகளிலும் கிடைத்த கிரீத்தேசியக் காலக் கடல் உயிரினப் புதைபடிவங்களை முதன்முதலாக முழுமையாக வகைப்படுத்தி விவரித்தவர் இவரே. இமயமலை, கச்சு, பர்மா, நிக்கோபார், மலாயா ஆகிய இடங்களில் ஆய்வுப் பயணங்கள் மேற்கொண்டார். தக்லமக்கான் பாலைவனத்தின் விளிம்பில் உள்ள யார்க்கண்டுக்குச் சென்ற தூதுக்குழுவிலிருந்து திரும்பும் வழியில், காரகோரம் கணவாயைக் கடந்த சில நாட்களில் தமது 36 ஆம் அகவையில் இறந்தார்.

இவரது குடும்பப் பெயர் செக் மொழிப் பெயராகும். ஆங்கில நூல்களில் உள்ள எழுத்துக்கூட்டலைப் பார்த்துப் பலர் 'ஸ்டாலிக்சா' என்று ஒலிப்பதுண்டு. 'ஸ்டோலிச்கா' என்பதே மூல ஒலிப்புக்கு நெருக்கமானது.

இளமையும் கல்வியும்

ஸ்டோலிச்கா அன்றைய ஆசுத்திரியப் பேரரசைச் சேர்ந்த மொராவியாவில், குரொமெரிசு நகருக்கு அருகே பிறந்தார். அப்பகுதி இன்று செக் குடியரசில் உள்ளது. இவரது தந்தையார் வனக்காவலர். வியன்னா பல்கலைக்கழகத்தில் எடுவார்டு சூயசு முதலியோரிடம் நிலவியல் பயின்றார். கோண்டுவானா என்னும் பழங்கண்டத்துக்குப் பிற்காலத்தில் பெயர் சூட்டியவர் இந்தச் சூயசுதான். 1861 இல் செருமனியின் தூபிங்கன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற ஸ்டோலிச்கா, ஆசுத்திரிய நிலவியல் ஆய்வுத்துறையில் சிறிது காலம் பணியாற்றினார். 1862 இல் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் சேர்ந்து கல்கத்தா வந்தார். அப்போது அத்துறையின் தலைவராக இருந்தவர் தாமசு ஓல்தாம்.

அரியலூர்ப் புதைபடிவங்கள்

ஸ்டோலிச்கா வருவதற்கு முன்பே திருச்சிராப்பள்ளிப் பகுதியின் கற்களில் கடல் உயிரிகள் பதிந்திருப்பது அறியப்பட்டிருந்தது. கேய், கன்லிஃப் என்னும் இருவர் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் திரட்டிய படிவங்களை இலண்டனில் எட்வர்டு ஃபோர்ப்சு ஆய்ந்து 1846 இல் வெளியிட்டார். பின்னர் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் என்றி பிளான்ஃபோர்டு தலைமையில் ஒரு குழு 1857 முதல் 1860 வரை இப்பகுதியை அளந்து வரைபடமாக்கியது. அங்குள்ள பாறைகளைக் கீழிருந்து மேலாக ஊட்டத்தூர்த் தொகுதி, திருச்சிராப்பள்ளித் தொகுதி, அரியலூர்த் தொகுதி என மூன்றாகப் பிரித்தவர் பிளான்ஃபோர்டே. உலகெங்கும் உள்ள நிலவியல் நூல்களில் இன்றும் இப்பெயர்கள் வழங்குகின்றன. (இவரே பின்னாளில் இந்திய அரசின் முதல் வானிலை அறிக்கையாளராகப் பொறுப்பேற்றார்.)

இப்படிவங்களை ஸ்டோலிச்காவே தேடிச் சேர்த்தார் என்று சில இடங்களில் எழுதப்படுவது சரியன்று. வெயிலில் ஓடைகளிலும் கரம்புகளிலும் அலைந்து அவற்றைத் திரட்டியவர்கள் பிளான்ஃபோர்டு குழுவினரும் அவர்களோடு பணியாற்றிய உள்ளூர்க் கூலியாட்களும் ஆவர். பின்னவர்களின் பெயர்கள் எந்த நூலிலும் இடம்பெறவில்லை. கல்கத்தாவில் பெட்டி பெட்டியாகக் குவிந்த இத்திரட்டே ஸ்டோலிச்காவிடம் ஒப்படைக்கப்பட்டது.

தலைக்காலிகளுள் பெலம்னைட்டுகளையும் நாட்டிலசுகளையும் பிளான்ஃபோர்டு எழுதி முடித்திருந்தார். எஞ்சிய அனைத்தையும் ஸ்டோலிச்கா மேற்கொண்டார். அம்மோனைட்டுகள் (1863–66), வயிற்றுக்காலிகள் (1867–68), இருவோடுடைய மெல்லுடலிகள் (1870–71), கைக்காலிகள், பாசியுயிரிகள், முட்தோலிகள், பவளங்கள் (1872–73) என அவரது ஆய்வு 'பேலியண்டாலஜியா இண்டிகா' வரிசையில் நான்கு தொகுதிகளாக வெளிவந்தது. ஒருவரே பத்தாண்டுகளில் இத்தனை உயிரினப் பிரிவுகளை எழுதி முடித்தது வியப்புக்குரியது. இக்காலத்தில் ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனி வல்லுநர் இருப்பது வழக்கம்.

அம்மோனைட்டைப் பார்ப்பவர் அதனைச் சங்கு அல்லது பெரிய நத்தை என்று எண்ணுவதுண்டு. அது கணவாய், சாக்குக்கணவாய் ஆகியவற்றின் உறவினம். நத்தைக்கு மிகத் தொலைவானது. சுருண்ட ஓட்டின் உட்புறம் பல அறைகளாகத் தடுக்கப்பட்டிருக்கும். கடைசி அறையில் உயிரி வாழ்ந்தது. மற்ற அறைகள் மிதப்பதற்கு உதவின. அம்மோனைட்டு இனங்கள் விரைவாக மாறின. கடல் வழியே பெருந்தொலைவு பரவின. ஆகவே ஓர் இனம் ஒரு குறுகிய காலத்தில் மட்டுமே, ஆனால் உலகின் பல இடங்களில் காணப்படும். அரியலூரில் கிடைத்த ஓர் இனம் பிரான்சிலும் கிடைத்தால், அவ்விரு பாறைகளும் ஏறத்தாழ ஒரே காலத்தவை என்று கொள்ளலாம். கதிரியக்க முறையில் வயது கணிக்கும் வழி அறியப்படாத அக்காலத்தில், நாடு விட்டு நாடு பாறைகளை ஒப்பிட இருந்த நம்பகமான கருவி இதுவே. இம்முறையைக் கொண்டு ஸ்டோலிச்கா ஊட்டத்தூர்த் தொகுதியை ஐரோப்பாவின் செனோமானியன் அடுக்கோடும், திருச்சிராப்பள்ளித் தொகுதியைத் தூரோனியனோடும், அரியலூர்த் தொகுதியைச் செனோனியனோடும் பொருத்தினார். பிற்கால ஆய்வுகள் எல்லைகளை நுணுக்கமாக மாற்றியுள்ளன. ஊட்டத்தூர்த் தொகுதியின் அடிப்பகுதி செனோமானியனுக்கு முந்திய ஆல்பியன் காலத்தது என இன்று அறியப்படுகிறது. எனினும் அவர் நிறுவிய வரிசை மாறவில்லை. 1895 முதல் 1898 வரை பிரான்சு கோசுமாட்டு இந்த அம்மோனைட்டுகளை மறு ஆய்வு செய்தபோதும் ஸ்டோலிச்காவின் நூல்களே அடிப்படையாக அமைந்தன.

ஸ்டோலிச்கா 1865 இல் பெயரிட்ட அம்மோனைட்டு ஒன்று அரியலூரின் பெயரைத் தாங்கியுள்ளது. அது இன்று 'அனபேக்கிடிசுகசு அரியலூரென்சிசு' என வழங்குகிறது.

பயணங்கள்

கல்கத்தாவின் மேசைப்பணி ஸ்டோலிச்காவைக் கட்டிப்போடவில்லை. 1864 இல் எஃப். ஆர். மாலெட்டுடன் இமயமலையின் சிபித்திப் பள்ளத்தாக்கில் ஆய்வு நடத்தினார். மழை மறைவுப் பகுதியான அது ஒரு குளிர்ப் பாலைவனம். செடி கொடிகள் மூடாததால் பாறை அடுக்குகள் நூலின் பக்கங்கள் போல் வெளித்தெரியும். அடுத்த ஆண்டு மீண்டும் மேற்கு இமயமலைக்குச் சென்றார். சிபித்தியில் அவர் பெயரிட்ட பாறைத் தொகுதிகள் சில, முத் என்பது போல, இன்றும் அப்பெயர்களாலேயே குறிக்கப்படுகின்றன.

பர்மா, பினாங்கு, அந்தமான், நிக்கோபார் பயணங்களில் நில நத்தைகள், சிலந்திகள், ஊர்வன ஆகியவற்றைச் சேர்த்தார். 1868 முதல் வங்காள ஆசியக் கழகத்தின் இயற்கை வரலாற்றுச் செயலாளராகவும் விளங்கினார். 1871–72 குளிர்காலத்தில் கச்சுப் பகுதியில் ஆய்ந்தபோது, அங்குள்ள வறண்ட வெளிகளில் வாழும் ஒரு சிறு பறவையை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தினார். ஸ்டோலிச்காவின் புதர்ச்சிட்டு எனப்படும் இப்பறவை இன்று அருகி வருகிறது.

யார்க்கண்டு தூதுக்குழு

1865 முதல் 1877 வரை காசுகர், யார்க்கண்டு பகுதியை ஆண்டவர் யாக்கூப் பேக். உருசியப் பேரரசு நடு ஆசியாவில் முன்னேறி வந்த காலம் அது. யாக்கூப் பேக்குடன் வணிக உடன்பாடு காண விரும்பிய இந்திய அரசு, தாமசு டக்ளசு ஃபோர்சித்தின் தலைமையில் 1873 இல் இரண்டாவது தூதுக்குழுவை அனுப்பியது. நில அளவைக்குத் திராட்டர், மருத்துவத்துக்குப் பெல்லியூ, மேலும் கார்டன், பிடல்ஃப், சாப்மன் ஆகியோர் இடம்பெற்றனர். நிலவியலாளராகவும் இயற்கை ஆய்வாளராகவும் ஸ்டோலிச்கா சேர்ந்தார். தென்னிந்தியப் படிவங்களின் கடைசித் தொகுதியை அவர் முடித்துக் கொடுத்தது அவ்வாண்டில்தான். குழு சூலை மாதம் இராவல்பிண்டியிலிருந்து புறப்பட்டது. சுமார் 350 பேரும் 550 விலங்குகளும் கொண்ட பெரும் அணி அது.

லடாக்கைக் கடந்து வடக்கே செல்லும் வழியில், கடல் மட்டத்திலிருந்து 5,000 மீட்டருக்கு மேற்பட்ட கணவாய்கள் அடுத்தடுத்து வருகின்றன. போகும்போதே ஸ்டோலிச்கா கடுமையாக நோயுற்றார். பின்னர் தேறி ஆய்வைத் தொடர்ந்தார். குழு 1873 திசம்பரில் காசுகரை அடைந்தது. நடுக்குளிர்காலத்தில் அவர் திராட்டருடன் தியன்சான் மலையில் உள்ள சதிர்க்குல் ஏரி வரை சென்றார். அவ்வேரி இன்று கிர்கிசுத்தானில் உள்ளது. 1874 மார்ச்சு மாதம் கார்டன், பிடல்ஃப், திராட்டர் ஆகியோருடன் பாமீர் மேட்டுநிலத்தைக் கடந்து வாகான் பள்ளத்தாக்குக்குச் சென்று, மே மாதம் யார்க்கண்டு திரும்பினார். ஒருமுறை நோயுற்றவர் ஓய்வின்றி இத்தனை உயரங்களுக்குச் சென்றது அவர் உடலைத் தளர்த்தியிருக்கக்கூடும்.

திரும்பும் வழியில் சூன் மாத நடுவில் காரகோரம் கணவாயைக் கடந்தார். இது சுமார் 5,500 மீட்டர் உயரமுள்ளது. தலைவலி, இருமல், மூச்சுத்திணறல் தொடங்கின. அந்நிலையிலும் வழியில் பாறைகளை ஆய்வதை அவர் நிறுத்தவில்லை. சூன் 19 அன்று லடாக்கின் முர்கோ என்னும் இடத்தில் காலமானார். அக்காலத்தவர் முந்தைய நோயின் தொடர்ச்சியாக இதனைக் கருதினர். அறிகுறிகளைப் பார்க்கும்போது, உயர்மலை நோய் நுரையீரலையும் மூளையையும் தாக்கியதாகக் கொள்வது பொருந்தும். அந்நோய்க்கு முதல் மருந்து உடனே கீழிறங்குவது. சுற்றிலும் உயர்ந்த மேட்டுநிலமே உள்ள காரகோரம் வழியில் அது எளிதன்று.

அவரது உடல் லே நகருக்குக் கொண்டுவரப்பட்டு அடக்கம் செய்யப்பட்டது. இந்திய அரசு அங்கு ஒரு நினைவுத் தூணை எழுப்பியது. அவர் சேர்த்த பொருட்களும் குறிப்பேடுகளும் பாதுகாப்பாக வந்து சேர்ந்தன. அவற்றைக் கொண்டு 'இரண்டாம் யார்க்கண்டு தூதுக்குழுவின் அறிவியல் முடிவுகள்' என்னும் நூல்வரிசை 1878 முதல் 1891 வரை வெளியானது. நிலவியல், பாலூட்டிகள் பகுதிகளை எழுதியவர் வில்லியம் பிளான்ஃபோர்டு. இவர் ஊட்டத்தூர் பாறைகளை ஆய்ந்த என்றியின் உடன்பிறந்தவர். ஸ்டோலிச்காவின் வாழ்க்கை வரலாற்றை வேலன்டைன் பால் 1886 இல் எழுதினார்.

பெயர் தாங்கிய உயிரினங்கள்

'ஸ்டோலிச்காயா' என்னும் அம்மோனைட்டுப் பேரினத்துக்கு நியூமயர் 1875 இல் இவர் பெயரை இட்டார். அப்பேரினம் ஊட்டத்தூர்த் தொகுதியிலும் கிடைக்கிறது. ஒரு வெளவால், ஒரு மலை எலி, ஒரு பல்லி, ஒரு பாம்புப் பேரினம், ஒரு மீன் ஆகியவையும் இவர் பெயரைத் தாங்குகின்றன.

புதைபடிவ இடங்களின் இன்றைய நிலை

ஸ்டோலிச்கா விவரித்த மூலப் படிவங்கள் கொல்கத்தாவில் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையிடம் உள்ளன. ஓர் இனத்தின் பெயர் குறித்து ஐயம் எழும்போது இந்த மூலப் படிவத்தைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். அது காணாமற்போனால் நேருவதற்கு அரியலூரிலேயே சான்றுண்டு. கல்லமேட்டில் கிடைத்து 1980களின் இறுதியில் 'புருகத்காயோசாரசு' எனப் பெயரிடப்பட்ட மாபெரும் தொன்மாவின் எலும்புகள் பின்னர் சிதைந்து அழிந்துவிட்டன. அதனால் அதன் அளவு பற்றிய விவாதம் வரைபடங்களையும் ஒளிப்படங்களையும் மட்டுமே நம்பி நடைபெறுகிறது.

பெரம்பலூர் மாவட்டம் காரைக்கு அருகே உள்ள வெளி, பயிரில்லா மண் மேடுகளும் ஓடைப் பள்ளங்களுமாகப் பாலைவனம் போல் தோற்றமளிக்கும். ஒவ்வொரு மழைக்குப் பின்னும் அங்கு துப்பாக்கிக் குண்டு வடிவிலான பெலம்னைட்டுகளும் சிப்சம் துண்டுகளும் புதிதாக வெளிப்படுகின்றன. மழை வெளிப்படுத்தும் அதே விரைவில் அரிக்கவும் செய்கிறது. அம்மாவட்டத்தின் சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாகப் பாதுகாக்கப்படுகிறது. 1940 இல் அதனைக் கண்டறிந்தவர் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் எம். எஸ். கிருஷ்ணன்.

அரியலூர் மாவட்டத்தின் கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புப் பாறை, கடல்வாழ் சிப்பிகள் அடர்ந்து படிந்து உருவானது. சிமெண்டு ஆலைகளுக்கு மூலப்பொருளாவதும் இதுவே. சுரங்கம் வெட்டுவதால் நிலத்தடியில் மறைந்திருந்த அடுக்குகள் ஆய்வாளரின் பார்வைக்கு வருகின்றன. பாறை அரைவைக்குச் செல்லும் முன் படிவத்தைக் கண்டு எடுத்து, எந்த அடுக்கில் கிடைத்தது என்று குறித்து வைக்காவிட்டால் அது ஆய்வுக்குப் பயன்படாது. வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்தில் இப்பகுதிப் படிவங்களைக் காணலாம்.