‘யாவரும்’ என்னும் ஒரு சொல்



ஆங்கில வகுப்பிலே கட்டுரை எழுதுதல் என்றவுடன் மாணவர் பலருக்கு அயர்ச்சி உண்டாவது இயல்பு. முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்னும் மூன்று பெட்டிகளை நிரப்பிக் கொடுத்தால் ஆசிரியர் புள்ளி இடுவார். அத்துடன் கடமை தீர்ந்தது என்பது அவர்தம் எண்ணம். அந்த வகுப்பிலே அமெரிக்க இலக்கியமும் அந்நாட்டின் தோற்றுவாய் இலட்சியங்களும் பாடமாக வந்துவிட்டால் அயர்ச்சி இரட்டிப்பாகும். களனி கங்கை கடலோடு கலக்கும் மட்டக்குளியிலே படிக்கும் ஒரு பிள்ளைக்கு, கடல் பல கடந்த நாடொன்றின் பழைய ஏட்டினால் ஆகும் பயன் யாது என்று கேட்போரும் உளர். அக்கேள்விக்கு விடை காண முயல்வோம்.

1776ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் தேதி, பதின்மூன்று அமெரிக்கக் குடியேற்ற நாடுகள் தம் சுதந்திரப் பிரகடனத்தை ஏற்றன. அதனை வரைந்த தோமஸ் ஜெபர்சனுக்கு அப்போது வயது 33. அந்த ஏட்டைக் கட்டுரை என்ற வகையில் நோக்கினால் அதன் அமைப்பு தெளிவானது. முதலில் ஒரு கொள்கை: மாந்தர் யாவரும் சமமாகப் படைக்கப்பட்டவர் என்பது. அடுத்து, மன்னர் மூன்றாம் ஜோர்ஜ் அக்கொள்கைக்கு மாறாக நடந்தார் என்பதற்குச் சான்றாக ஒரு நீண்ட குற்றப்பட்டியல். இறுதியில், ஆதலால் நாங்கள் பிரிகின்றோம் என்னும் முடிவு. கொள்கை, சான்று, முடிவு என்னும் மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன.

ஆயினும் அதனை எழுதிய கை அடிமைகளை உடைமையாகக் கொண்ட கை. ஜெபர்சன் தம் வாழ்நாளில் அறுநூறுக்கும் மேற்பட்ட அடிமைகளை வைத்திருந்தார். அடிமை வணிகத்தைக் கண்டித்து அவர் எழுதிய பகுதியையும் காங்கிரஸ் சபை நீக்கிவிட்டது. ஆகவே ‘யாவரும்’ என்ற சொல் ஏட்டிலே இருந்தது. அதற்குள் யார் யார் அடங்குவர் என்பது மட்டும் தீர்க்கப்படவில்லை. அதன் பின்னர் எழுந்த அமெரிக்க எழுத்திலே உயர்ந்தவை பல, இந்த ஒரு சொல்லின் மேல் நடந்த வழக்கென்றே கூறலாம்.

1848இல் செனெக்கா போல்ஸ் என்னும் ஊரிலே பெண்கள் உரிமை மகாநாடு கூடியது. எலிசபெத் கேடி ஸ்டான்டன் அம்மையார் அதற்கென வரைந்த அறிக்கை பழைய பிரகடனத்தின் அச்சிலேயே வார்க்கப்பட்டது. ஆடவர் நின்ற இடத்திலே பெண்டிரையும் சேர்த்து எழுதினார். அரசன் மேல் சாட்டிய குற்றங்களின் இடத்திலே, ஆடவர் பெண்டிருக்கு இழைத்த குறைகள் வந்து நின்றன.

அம்மகாநாட்டிலே பங்குகொண்டவர்களுள் ஒருவர் பிரெடரிக் டக்ளஸ். அடிமையாய்ப் பிறந்தவர், அடிமைகளுக்கு எழுத்தறிவு மறுக்கப்பட்ட காலத்திலே மறைவாகப் படிக்கக் கற்றவர். ஏறத்தாழ 12 வயதில் ஐம்பது சதம் கொடுத்து ‘கொலம்பியன் ஓரேட்டர்’ என்னும் பள்ளி வாசகப் புத்தகம் ஒன்றை வாங்கினார். அதிலே ஓர் அடிமை தன் எசமானோடு வாதித்து, நியாயத்தால் வென்று, விடுதலை பெறும் உரையாடல் ஒன்று உண்டு. வகுப்புப் பாடநூல் ஒன்று ஒரு சிறுவனுக்கு வாதத்தின் வலிமையைக் காட்டியது. 1838இல் தப்பியோடி விடுதலை பெற்ற அவர், 1852 ஜூலை 5ஆம் தேதி ரொச்செஸ்டர் நகரிலே ஆற்றிய உரையில், உங்கள் சுதந்திரத் திருநாளினால் அடிமைக்கு என்ன பயன் என்று கேட்டார். பிரகடனத்தைக் கிழித்தெறியுங்கள் என அவர் கூறவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றுங்கள் என்றே கூறினார்.

இவ்வழக்கு நம் நாட்டிற்கு அந்நியமன்று. அமெரிக்க மிஷனரிமார் 1823இல் வட்டுக்கோட்டையிலே ஒரு செமினரியை நிறுவினர். 1855இல் அது மூடப்பட்டபின், 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி அதன் வழித்தோன்றலாய் எழுந்தது. அக்கல்லூரியோடு தொடர்புடைய ஹண்டி பேரின்பநாயகம் முதலானோர் 1924இல் தொடங்கிய மாணவர் காங்கிரஸ், தேச விடுதலையோடு சாதி ஒழிப்பையும் தன் கொள்கையாகக் கொண்டது. தோரோவின் சட்ட மறுப்புக் கட்டுரையைத் தென்னாபிரிக்காவிலே படித்துப் பரப்பிய காந்தியடிகளை, 1927 நவம்பரில் யாழ்ப்பாணத்துக்கு அழைத்ததும் இக்காங்கிரஸே. உதவி பெறும் பாடசாலைகளிலே எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் அமரும் சமாசனத்திற்கு அக்காலத்தில் எழுந்த எதிர்ப்பு கடுமையானது. 1930ஐ அண்டிச் சில பாடசாலைகள் தீக்கிரையாயின. ‘யாவரும்’ என்ற சொல் ஒரு வாங்கின் அளவுக்கு விரிவதற்கே அத்துணை இடர்!

கொழும்பிலே டொனமூர் ஆணைக்குழுவின் முன் பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தின் சார்பில் அக்னஸ் டி சில்வா அம்மையார் சாட்சியமளித்தார். தோட்டங்களிலே உழைக்கும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமோ என்று வினவப்பட்டபோது, அவர்களும் பெண்களே, எல்லாப் பெண்களுக்கும் வேண்டும் எனத் தாம் விடை பகர்ந்ததாக அவரே நினைவு கூர்ந்துள்ளார். 1931இல் 21 வயது நிரம்பிய ஆண் பெண் இருபாலாருக்கும் சர்வசன வாக்குரிமை கிடைத்தது. அமெரிக்காவின் தென் மாநிலங்களிலே கறுப்பின மக்களின் வாக்குரிமைக்கு உறுதியான காப்பு 1965ஆம் ஆண்டுச் சட்டத்தினாலேயே வந்தது என்பதை எண்ணுங்கால், இது சிறு பேறன்று.

ஆனால் நம் ‘யாவரும்’ அப்போதும் முழுமை பெறவில்லை. இந்திய வம்சாவளியினருக்கு வதிவிட நிபந்தனைகள் இருந்தன. சுதந்திரம் பெற்ற அதே 1948இல் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டில் வாக்கும் பறிபோயிற்று. 1988, 2003ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் வரும்வரை பல்லாயிரவர் காத்திருந்தனர். தேயிலைத் தோட்டங்களில் மட்டுமன்றிக் கொழும்பு நகரத்திலும் அவ்வம்சத்தவர் வாழ்ந்தனர், இன்றும் வாழ்கின்றனர்.

ஆகவே மட்டக்குளியிலே ஆங்கிலக் கட்டுரை எழுதும் மாணவரே, ஜெபர்சனின் பிறந்த ஆண்டை மட்டும் மனனம் செய்து எழுதி வைத்துவிடாதீர். ஒரு கொள்கையை எடுத்துக்கொள்ளும். அதிலே ‘யாவரும்’ என்றிருப்பின், அங்கே விடுபட்டவர் யார் என்று வினவும். சான்று தேடும், நிதானமாக எழுதும். உம் பாட்டியாரின் பெயர் ஒரு காலத்திலே வாக்காளர் இடாப்பில் இருந்ததா என்ற கேள்வியும் அக்கட்டுரைக்கு உரிய பொருளே. நாடு தான் கொடுத்த வாக்கை மறக்கும்போது அதை நினைவூட்டுவதே கட்டுரையின் கடமை.