உடுவில் வீட்டுக்கு வந்த விருந்தாளிகள்

(கிறிஸ்தவ ஒன்றிப்பு வாரத்தில் வானொலியில் வழங்கப்பட்ட மறையுரை)



சனவரி 16 ஆம் நாள் நமக்கு இரட்டை நினைவு நாள். 1656 இல் அதே நாளில்தான் நம் மதுரைத் தந்தை இராபர்ட் தெ நோபிலி மயிலாப்பூரில் கண் மூடினார். 1711 இல் அதே நாளில்தான் இலங்கையின் திருத்தூதர் என்று நாம் அழைக்கும் புனித யோசேப் வாஸ் கண்டியில் இறந்தார். இரண்டு நாள் கழித்து, 18 ஆம் நாள், கிறிஸ்தவ ஒன்றிப்புக்காக மன்றாடும் வாரம் தொடங்கிவிடுகிறது. நோபிலி அடிகளும் தம் முதுமையில், கண்பார்வை மங்கிய நிலையில், மதுரையை விட்டு யாழ்ப்பாணம் போய்ச் சில காலம் தங்கியவர். ஆகவே இந்த வாரம் யாழ்ப்பாணத்து வீடு ஒன்றைப் பற்றிப் பேசலாம் என்று நினைத்தேன். அது நம்மவர் வீடு அல்ல. அமெரிக்காவிலிருந்து வந்த பிரிந்த சகோதரர்களின் வீடு. ஆனால் மதுரையிலிருந்து அந்த வீட்டுக்கு ஒரு பாதை உண்டு.

வீடு இருந்த ஊர் உடுவில். யாழ்ப்பாண நகருக்கு வடக்கே, பனையும் புகையிலைத் தோட்டமும் சூழ்ந்த செம்மண் பூமி. அந்த வளவு முதலில் யாருடையது தெரியுமா? போர்த்துக்கீசியர் காலத்தில் கத்தோலிக்கத் துறவியர் யாழ்ப்பாணத்தில் பங்கு பங்காகக் கோவில்கள் எழுப்பினார்கள். உடுவில், தெல்லிப்பளை, வட்டுக்கோட்டை, மானிப்பாய், பண்டத்தரிப்பு எல்லாம் அப்படிப்பட்ட பங்குகள். 1658 இல் ஒல்லாந்தர் வந்து குருக்களை விரட்டிவிட்டு அந்தக் கோவில்களைத் தமதாக்கினார்கள். அதன்பின் ஏறத்தாழ முப்பது ஆண்டு, குரு இல்லாத மக்கள். 1687 இல் யோசேப் வாஸ் பிச்சைக்காரரைப்போல வந்து இறங்கி, ஒளிந்து ஒளிந்து வீடுகளில் தங்கித் திருப்பலி நிறைவேற்றினார். அவருக்குக் கதவு திறந்தவர்கள் தண்டனைக்கு அஞ்சாமல்தான் திறந்தார்கள். ஒல்லாந்தர் போய் ஆங்கிலேயர் வந்தபோது அந்தப் பழைய கோவில்களும் குரு இல்லங்களும் கூரையின்றிப் பாழடைந்து கிடந்தன. அவற்றைத்தான் ஆங்கிலேய அரசு அமெரிக்கர்களுக்குக் கொடுத்தது.

அமெரிக்கர் யாழ்ப்பாணத்துக்கு வந்ததும் விரும்பி வந்ததல்ல. இந்தியாவுக்குள் அவர்களை விட கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மனமில்லை. 1812 இல் அப்படித் திருப்பி அனுப்பப்பட்டு அலைந்த ஒரு தம்பதியரில் மனைவி ஹாரியட் நியூவெல், மொரீசியஸ் தீவில் 19 வயதில் இறந்துபோனார். தனியாக மிஞ்சிய கணவர்தான் இலங்கைக்கு வந்து, இங்கே வரலாம் என்று எழுதினார். 1816 இல் முதல் குழு வந்தது. 1819 இல் பாஸ்டனில் கப்பலேறிய இரண்டாம் குழுவில் நான்கு தம்பதியர். அவர்களுள் ஒரு தம்பதி லீவை ஸ்பால்டிங், மேரி ஸ்பால்டிங். கல்கத்தா வழியாக 1820 தொடக்கத்தில் யாழ்ப்பாணம் சேர்ந்தார்கள். வந்தபோது அவருக்கு 28 வயது. 81 வயதில், 1873 இல், உடுவிலில் இறந்தார். அடுத்த ஆண்டே மேரி அம்மாவும் போய்ச் சேர்ந்தார். ஐம்பது ஆண்டுக்கும் மேலான குடித்தனம்.

உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளியை 1824 இல் தொடங்கியவர் அதே கப்பலில் வந்த ஹாரியட் வின்ஸ்லோ அம்மையார். பெருமழையில் வீடு திரும்ப முடியாமல் மிஷன் பங்களாவில் ஒதுங்கிய சிறுமிகள் இருவர், பசி தாங்காமல் அங்கே சாப்பிட்டுவிட்டார்கள், அதிலிருந்து தொடங்கிய பள்ளி என்று ஒரு கதை சொல்வார்கள். வேறொருவர் வீட்டுச் சோறு என்பது அன்றைக்கு எவ்வளவு பெரிய காரியம் என்று அந்தக் கதையைச் சொல்பவர்களுக்குத் தெரியும். பிள்ளைகளின் சமையற்கட்டையே மிஷன் வளவுக்கு வெளியே வைத்தால்தான் பெற்றோர் அனுப்புவார்கள் என்ற நிலை தெல்லிப்பளையில் இருந்தது.

இந்த ஹாரியட் அம்மையாரின் குடும்பத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்து நார்விச் என்ற ஊர். லாத்ராப் குடும்பம். ஹாரியட் மூத்தவர். தம் மகன் சார்லசைப் படிப்புக்காகக் கப்பலேற்றி அமெரிக்காவுக்கு அனுப்பினார். அன்று எல்லா மிஷனரித் தாய்மாரும் செய்தது அதுதான். செய்துவிட்டு அழுததும் அதுதான். பையன் 1832 இல் அங்கே இறந்துவிட்டான். 11 வயது. ஒரு கடிதம் போய்ச்சேர நாலைந்து மாதம் ஆகும் காலம் அது. உயிரோடு இருக்கிறான் என்று நினைத்து, இறந்துபோன பிள்ளைக்கு ஒரு தாய் கடிதம் எழுதிக்கொண்டிருக்கலாம். 1833 சனவரியில் ஹாரியட்டும் உடுவிலில் இறந்தார். அவரைப் பார்த்தே மிஷன் பணிக்கு மனம் வைத்த தங்கைமார் மூன்று பேர் ஒருவர் பின் ஒருவராகக் கடல் கடந்து வந்தார்கள். அவர்கள் தீவில் கால் வைத்தபோது வரவேற்க அக்கா இல்லை. அக்கா விட்டுப்போன பள்ளியையும் வீட்டையும் ஏற்றுக்கொண்டிருந்தவர்கள் ஸ்பால்டிங் தம்பதியர்.

தங்கைமார் கதையும் நீளமானதல்ல. சார்லட், ஹென்றி செர்ரி என்பவரின் மனைவி; கணவருக்கு நம் மதுரை மிஷனில் பணி. 1837 இல் இறந்தார். இன்னொரு தங்கையும் அவர் கணவர் பெர்ரியும் 1838 இல் காலராவில் சில நாள் இடைவெளியில் போனார்கள். நாலாமவர் எலிசபெத் மட்டும் ஊர் திரும்பினார். ஒரு தாய் வயிற்றில் பிறந்த நால்வரில் மூவர் இந்த மண்ணில்!

இனி மதுரைக்கு வருவோம். 1833 இல் கம்பெனிச் சட்டம் மாறி, ஆங்கிலேயர் அல்லாத மிஷனரிகளும் இந்தியாவுக்குள் வரலாம் என்றானது. 1834 தொடக்கத்திலேயே ஸ்பால்டிங் கடல் கடந்து வந்து மதுரையைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார். அதே ஆண்டு சூலையில் ஹொய்சிங்டன், டாட் என்ற இரு குடும்பங்களும் சில யாழ்ப்பாணத் தமிழ் உதவியாளர்களும் வந்து மதுரையில் குடியேறினார்கள். பசுமலையும் அமெரிக்கன் கல்லூரியும் பின்னால் வந்தவை. விதை அந்த உடுவில்காரர் நடந்த நடைதான். யாழ்ப்பாணத் தமிழர் பெயர்களை நாம் அதிகம் காண்பதில்லை. மொழி தெரிந்து, ஊர் தெரிந்து, வாடகை பேசி, தெருவில் நின்று பேசியவர்கள் அவர்களாகத்தான் இருந்திருக்க வேண்டும். வரலாற்று நூல்கள் பெரும்பாலும் அவர்களை 'உதவியாளர்' என்ற ஒரு சொல்லில் முடித்துவிடுகின்றன. நம் கத்தோலிக்க வரலாற்றிலும் உபதேசியார்களுக்கு இதே கதிதான், பிறரைக் குறை சொல்ல நமக்கு முகம் இல்லை.

மதுரைச் சமவெளியின் வெயில் உங்களுக்குத் தெரியும். டாட் ஐயரின் மனைவி லூசி, மதுரைக்கு வந்து ஓராண்டு முடிந்த சில வாரங்களில், 1835 செப்டம்பரில், தேவிபட்டினத்தில் இறந்தார். தேவிபட்டினம் என்றால் நமக்கு நவபாஷாணம் நினைவுக்கு வரும். அந்தக் காலத்தில் அது யாழ்ப்பாணத்துக்குத் தோணி ஏறும் கரைகளில் ஒன்று. தொண்டியிலிருந்தும் தோணி உண்டு. மதுரையில் காய்ச்சலில் விழுந்தவர்கள் மாட்டுவண்டியில் இராமநாதபுரம் சீமையைக் கடந்து, கடற்கரையில் காற்றுக்குக் காத்திருந்து, யாழ்ப்பாணம் போவார்கள். அக்கரையில் உடுவில், மானிப்பாய், தெல்லிப்பளை வீடுகள் அவர்களுக்குத் தாய்வீடு போல. உடம்பு தேறினால் திரும்புவார்கள். தேறாவிட்டால் அங்கேயே கல்லறை. மலைக்குப் போனால் பிழைக்கலாம் என்று பிறகு தோன்றியது. சிறுமலையை முயன்றார்கள், அங்கும் காய்ச்சல் விடவில்லை. 1845 இல் கொடைக்கானலில் முதல் இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். இன்று நாம் மே மாதத்தில் குடும்பத்தோடு ஏறிப்போகும் கொடைக்கானல் நகரம் மிஷனரிகளின் பிணங்களைக் கண்ட பயத்தில் பிறந்தது.

நம்மவர்களும் அதே ஆண்டுகளில்தான் வந்தார்கள் என்பதை மறக்கக் கூடாது. இயேசு சபை கலைக்கப்பட்டு மீண்டும் எழுந்தபின், தந்தை பெர்த்ராண்டும் தோழர்களும் பிரான்சிலிருந்து 1837 இல் புதுச்சேரியில் இறங்கி, புதிய மதுரை மிஷனைத் தொடங்கினார்கள். அவர்களிலும் இளம் குருக்கள் பலர் சில ஆண்டுகளிலேயே மடிந்தார்கள். ஒரே வெயில், ஒரே காலரா, ஒரே தமிழ் அரிச்சுவடி. ஆனால் ஒருவரையொருவர் கண்டால் முகம் திருப்பிக்கொண்டார்கள். ஒருவர் மற்றவரைத் தாக்கித் துண்டுப்பிரசுரம் அச்சிட்டார்கள். நம் தரப்பிலும்தான். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964 இல் ஒன்றிப்புக்கான விதித்தொகுப்பை வெளியிடும் வரை, 'பதிதர்' வீட்டில் தண்ணீர் குடித்தால் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டுமோ என்று கேட்ட பாட்டிமார் நம் பங்குகளில் இருந்தார்கள்.

விருந்து என்றால் பந்தி. பந்தி என்றால் நம் நாட்டில் சாதி. அதையும் சொல்லிவிட வேண்டும். 1847 இல் மதுரை அமெரிக்கர்கள், எவர் சமைத்தது என்று பாராமல் எல்லோரும் ஒன்றாய் உட்கார்ந்து உண்ண வேண்டும் என்று தங்கள் ஊழியர்களுக்கு நிபந்தனை வைத்தார்கள். உண்ண மறுத்த உபதேசியார் பலரை விலக்கினார்கள். கடுமைதான். வெள்ளைக்காரன் மேசையிலிருந்து சட்டம் போடுவது எளிது என்று அன்றே பேசியவர்கள் உண்டு. அதே நூற்றாண்டில் நாம் என்ன செய்தோம்? வடக்கன்குளத்தில் 1872 இல் இரண்டு சாதியார் ஒருவரையொருவர் பாராமல் பீடத்தை மட்டும் பார்க்கும்படி, நடுவே சுவர் வைத்து ஆலயம் கட்டினோம். கால்சட்டைக் கோவில் என்று ஊரார் சொன்னார்கள். அந்தச் சுவரை இடிக்க 1910 ஆனது. ஒரே அப்பத்தைப் பகிர்ந்துகொள்பவர்கள் நாம். ஒன்றாய் உண்ண மறுத்தவர்களை விலக்கிய அந்தச் சகோதரர்களிடம் இந்த ஒரு காரியத்தில் நாம் பாடம் கேட்டிருக்கலாம்.

உடுவில் வீட்டில் நிரந்தர விருந்தாளி ஒருவர் இருந்தார். எலிசா ஆக்னியூ. திருமணமாகாத பெண். 1840 இல் வந்தார். நாற்பது ஆண்டு அந்தப் பள்ளியை நடத்தினார். ஒருமுறைகூட ஊர் திரும்பவில்லை. முதலில் படித்த பெண்களின் பேத்திகள் வரை அவரிடம் படித்தார்கள். ஆயிரம் பெண்களுக்குத் தாய் என்று பெயர். 1883 இல் யாழ்ப்பாணத்திலேயே இறந்தார். திருத்தூதர் பவுல் தம் மடல்களில் பிரிஸ்கில்லா, அக்கிலா தம்பதியரை வாழ்த்தும்போது, அவர்கள் வீட்டில் கூடும் சபையையும் சேர்த்தே வாழ்த்துகிறார். கணவன், மனைவி, அவர்களோடு கூடாரத் தொழில் செய்த விருந்தாளி பவுல். ஸ்பால்டிங் தம்பதியரையும் ஆக்னியூவையும் நினைக்கும்போது எனக்கு அந்த வாழ்த்துதான் நினைவுக்கு வருகிறது.

ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். அந்த வீட்டில் வளர்ந்த தமிழ்ச் சிறுமிகளுக்கு, அமெரிக்காவில் பணம் அனுப்பியவர்களின் பெயரைச் சூட்டும் பழக்கம் இருந்தது. தாய் வைத்த பெயர் போயிற்று. தம் பிள்ளைகளைப் பிரிந்த வேதனையில் கரைந்த அந்தத் தாய்மாருக்கு, இந்தத் தாய்மாரின் பிரிவு எந்த அளவு உறைத்தது? அது என் கேள்வி.

பிள்ளைகள் திரும்பி வந்த வீடுகளும் உண்டு. பண்டத்தரிப்பில் மருத்துவப் பணி செய்த ஜான் ஸ்கட்டர், ஸ்பால்டிங் வந்த காலத்திலேயே வந்தவர்; முதுமையில் சில ஆண்டு மதுரையிலும் பணி செய்தார். அவர் பேத்தி ஐடா, 1890 இல், நோயுற்ற தாயைப் பார்த்துவிட்டு அமெரிக்கா திரும்பும் எண்ணத்தோடு திண்டிவனம் வந்தவர். பெற்றோரைப் பார்க்க வந்த பெண், ஆண் மருத்துவரை அனுமதிக்காத வீடுகளில் மூன்று இளம் தாய்மார் ஒரே இரவில் இறந்ததைக் கண்டாள். வேலூர் மருத்துவமனையின் கதை உங்களுக்குத் தெரியும், அதை நான் விரிக்கவில்லை.

அதிகம் பேசப்படாத ஒரு குடும்பம் ஹௌலண்ட் குடும்பம். வில்லியம் வேர் ஹௌலண்டும் மனைவி சூசனும் 1846 இல் யாழ்ப்பாணம் வந்தார்கள்.  இவர்களும் பிள்ளைகளைப் படிக்கக் கப்பலேற்றினார்கள். ஆனால் இவர்கள் பிள்ளைகள் திரும்பினார்கள். ஸ்பால்டிங் இறந்த அதே 1873 இல் இரண்டு மகன்கள் வந்து இறங்கினார்கள். சாமுவேல் யாழ்ப்பாணத்திலேயே தங்கி, பிற்காலத்தில் யாழ்ப்பாணக் கல்லூரியின் தலைவரானார். மகள் சூசன், ஆக்னியூவுக்குப் பின் உடுவில் பள்ளியைப் பொறுப்பேற்றார். மற்றொரு மகன் வில்லியம் சவுத்வர்த், கடலுக்கு இந்தப் பக்கம், நம் அருப்புக்கோட்டைக்கு அருகே மண்டபசாலையில் பணியமர்ந்தார்.

மண்டபசாலையில் நின்றால் கரிசல்காடும் வானமும்தான். கிழக்கே போனால் கடல். அந்தக் கடலுக்கு அப்பால் தகப்பனும் தாயும். கப்பலில் மாதக் கணக்கில் பிரிந்து வளர்ந்த பிள்ளைக்கு, இப்போது ஒரு மாட்டுவண்டிப் பயணமும் ஒரு தோணிப் பயணமும்தான் தூரம். துபாயிலும் நியூஜெர்சியிலும் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, அலைபேசித் திரையில் பேரப்பிள்ளை முகம் பார்க்கும் நம் பங்கு முதியோருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பிள்ளைகள் வரும் வாரத்தில் அறையைப் பூசி, கட்டிலை இழுத்துப்போட்டு, போன பிறகு அந்த அறையைப் பூட்டிவைக்கும் வீடுகளை ஒவ்வொரு சனவரியும் வீடு மந்திரிக்கப் போகும்போது பார்க்கிறேன். பூட்டைத் திறந்து தீர்த்தம் தெளிக்கச் சொல்வார்கள். தெளிப்பேன். உடனே மறுபடியும் பூட்டுவார்கள்.

மூத்த ஹௌலண்ட் 1892 இல் இறந்தார். மகள் சூசன் அதன்பின்னும் பல ஆண்டு உடுவிலில் இருந்தார். பள்ளி இன்றும் நடக்கிறது.