தாத்தாவோட ஹெச்.எம்.டி. வாட்ச்... இப்போ கலெக்டர்ஸ் பீஸ்!

கொல்லிமலையோட 70 கொண்டை ஊசி வளைவையும் ஏறி முடிக்கிறதுக்குள்ள போன் சார்ஜ் காலியா? தாத்தாவோட ஹெச்.எம்.டி. ஜனதாவுக்கு அந்தக் கவலையே இல்லை. தினமும் சாவி கொடுத்தா ஓடும், பேட்டரியே வேண்டாம்.

1961-ல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோட கைகோத்து, பெங்களூருல வாட்ச் தயாரிப்பைத் தொடங்கியது ஹெச்.எம்.டி. 2016-ல் வாட்ச் நிறுவனத்தை மூட மத்திய அரசு ஒப்புதல் கொடுக்க, பழைய ஜனதா, பைலட்டுக்கெல்லாம் மவுசு கூடிடுச்சு. ரோலெக்ஸ் கனவு எட்டாதவங்களுக்கு இங்கேதான் ஆரம்பம்.

ஆனா, உஷார் மக்களே! ஆன்லைன்ல கலர் கலரா பளபளக்கிற 'பழைய' பைலட்டுகள்ல பல, டயலுக்குப் புதுசா பெயின்ட் அடிச்சது. உள்ளே வேற வேற வாட்ச்களோட பாகங்கள் இருக்கும். டயல்ல எழுத்து பிசிறடிச்சிருந்தா வாங்காதீங்க. பின்மூடியைத் திறந்து மெஷினோட போட்டோ கேளுங்க. மங்கிப்போன ஒரிஜினல் டயலுக்குத்தான் மதிப்பு. வீட்டு பீரோவுல ஒண்ணு கிடந்தா, டயலை மாத்திடாதீங்க ப்ளீஸ். ஆயில் சர்வீஸ் மட்டும் போதும்.