வெப்பமானியும் வடிசாலையும்

பதினெட்டாம் நூற்றாண்டிலே இங்கிலாந்திற் பியர் காய்ச்சுதல் பெருவடிசாலைகளுக்கு மட்டும் உரிய தொழிலாக இருந்ததில்லை. பண்ணைவீடுகளிலும் மாளிகைகளிலும் அது சமையலையொத்த இல்லத்தொழிலாகவும் நடந்துவந்தது. முளைகட்டி உலர்த்திய வாற்கோதுமையை நொறுக்கி வெந்நீரில் ஊறவைத்தல் அதன் முதற்படி. அந்நீரின் வெப்பத்தை அறிதற்குக் கையாண்ட வழி விந்தையானது. கொதித்த நீரை ஆறவிட்டு, மேலெழும் ஆவி விலகிக் காய்ச்சுவோன் தன் முகத்தை நீரிற் காணும் வேளையே உரிய பதம் எனக் கொண்டனர். கொதிநீருக்கு இத்துணைத் தண்ணீர் என அளந்து கலப்போரும் இருந்தனர்.

முகம் பார்க்கும் முறையின் குறை வெளிப்படை. ஆவி திரளுதல் நீரின் வெப்பத்தை மட்டுமன்றிச் சூழ்ந்த காற்றின் குளிரையும் பொறுத்தது. ஆகவே, பனிக்காலத்திற் கண்ட முகமும் கோடையிற் கண்ட முகமும் ஒரே வெப்பத்தைக் குறிக்கமாட்டா. வேறுபாடு சிறிதாயினும் விளைவு பெரிது. தானியத்திலுள்ள மாப்பொருளை வெல்லமாக்குவன அதன் நொதியங்களே. கலவை 149 பாகை பரன்ஹைற் அளவில் நின்றால் நொதித்தற்கேற்ற வெல்லம் மிகும். பத்துப் பாகை ஏறின் நொதியாத பொருள் மிகுந்து, பானம் தடித்து, மதுசாரம் குன்றும். மேலும் இருபது ஏறின் நொதியங்கள் விரைவில் அழிந்துபடும். இவ்விளக்கம் பிற்காலத்தது. அன்றையோர் கண்டதெல்லாம், ஒரே கைப்பாகத்தில் ஒருமுறை நன்றாயும் மறுமுறை தீதாயும் அமைந்த பானத்தை மட்டுமே.

பரன்ஹைற் இரச வெப்பமானியை 1714 அளவில் அமைத்தபோதிலும், அது வடிசாலையுட் புக நெடுங்காலம் சென்றது. இலண்டனிற் பியர் காய்ச்சிய மைக்கேல் கொம்பிறூன் 1758 இலும் 1762 இலும் வெளியிட்ட நூல்களில் அதன் பயனை வற்புறுத்தினார். ஓல்ரன் என்னும் ஊரினரான ஜேம்ஸ் பேவர்ஸ்ரொக்கோ, புதுமையை எள்ளிய தந்தையாருக்குத் தெரியாமல் அக்கருவியை மறைத்துவைத்தே பயன்படுத்தினார் என்பர். பின்னர் அவர் நீரமானியின் சிறப்பை எடுத்துரைக்கச் சென்றபோது, இலண்டன் பெருவணிகர் சாமுவேல் விற்பிறெட் அதனை வீண்முயற்சி என்று கூறித் திருப்பி அனுப்பினாராம். கைப்பழக்கத்தாற் பெருஞ்செல்வம் ஈட்டியவர் கண்ணாடிக் குழாயொன்றை ஐயுற்றதில் வியப்பில்லை.

கருவி கிடைத்தும் அளவை எளிதாகவில்லை. ஊற்றும் நீரின் வெப்பம் வேறு; குளிர்ந்த தானியம் சேர்ந்தபின் கலவையின் வெப்பம் வேறு. தொட்டியின் நடுவும் விளிம்பும் ஒத்திரா. நன்கு கிளறிப் பல இடங்களிலே, குமிழ் கலவையுள் அமிழ்ந்திருக்கும்போதே வாசித்தல் வேண்டும். வெளியே எடுத்தால் இரசம் இறங்கிவிடும்.

மதுவின்பொருட்டு வளர்ந்த இந்நுண்மை, மதுவை வெறுப்போரும் போற்றும் ஓர் உண்மைக்கு உதவிற்று. சல்போட் நகரத்து வடிசாலைக் குடும்பமொன்றில் 1818 இற் பிறந்த ஜேம்ஸ் பிறெஸ்கொற் யூல், துடுப்புச் சக்கரத்தால் நீரைக் கலக்கி, அதனால் எழும் வெப்பத்தை அளந்தார். ஏறிய வெப்பம் ஏறக்குறைய அரைப் பாகையே. அதனை 1/200 பாகைவரை வாசிக்க இயலும் என்று அவர் கூறியதை அறிஞர் பலர் எளிதில் நம்பவில்லை. ஓர் இறாத்தல் நீரை ஒரு பாகை சூடாக்க 772 அடி-இறாத்தல் வேலை வேண்டும் என 1850 இல் வெளிவந்த கட்டுரையில் அவர் முடிவுகட்டினார். இன்றைய கணிப்பு ஏறக்குறைய 778. இக்கைத்திறன் வடிசாலையிற் பழகியது என வரலாற்றாசிரியர் சிலர் கருதுவது பொருத்தமுடையதே. அவ்வடிசாலை 1854 இல் விற்கப்பட்டது.