தாய் அட்டையின் மூன்று எண்கள்: விருதுநகர் மாவட்டத்துத் தாய்மாரும் பச்சிளம் குழந்தைகளும்

1. ஆய்வுப் பொருள்

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் எதற்குப் போனாலும், கர்ப்பிணி முதன்முறை வந்ததும் நடப்பது ஒன்றுதான். செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரோடு ஒட்டி நிற்கச் சொல்வார் நர்சம்மா. அடுத்து எடை மெஷின். அடுத்து ரத்தப் பரிசோதனை. உயரம், எடை, ரத்தத்தின் ஹீமோகுளோபின் அளவு என்று மூன்று எண்கள் அவளது கர்ப்பகாலப் பதிவான தாய் அட்டையில் ஏறும். பிள்ளை மாதம் நிறைந்து பிறக்குமா, இரண்டரைக் கிலோவைத் தொடுமா என்று கணிக்க மருத்துவம் முதலில் பார்ப்பது இந்த எண்களையும் தாயின் வயதையும்தான்.

மூன்றும் அடுத்தடுத்த கட்டங்களில் இருப்பதால், மூன்றுமே அந்தப் பெண்ணோடு கூடப் பிறந்தவை போலத் தோன்றுகின்றன. இக்கட்டுரை அதை மறுக்கிறது. உயரம் அவள் சிறுமியாக இருந்தபோதே முடிந்துபோன கணக்கு. எடை, கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமான சில ஆண்டுகளின் கணக்கு. ரத்தம் சில மாதங்களின் கணக்கு. எது எப்போது எழுதப்பட்டது என்று பிரித்துப் பார்த்தால்தான், எதற்கு யார் பொறுப்பு என்பது விளங்கும்.

2. உயரம்

145 செ.மீ.க்குக் குறைந்தவரை நம் மருத்துவமனைகள் ஆபத்து மிகுந்த கர்ப்பிணி என்று குறித்துக்கொள்கின்றன. இடுப்பெலும்பு குறுகலாக இருந்தால் பிரசவம் தடைபடும், குழந்தைக்கு மூச்சுத் திணறும் என்பது அதன் நேரடிக் காரணம். ஆனால் ஆபத்து பிரசவ அறையோடு முடிவதில்லை. எஸ்.வி. சுப்பிரமணியனும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும் வளரும் நாடுகள் 54-இன் தரவுகளை ஒப்பிட்டு 2010-ல் வெளியிட்ட ஆய்வில், 160 செ.மீ.யும் அதற்கு மேலும் உயரமுள்ள தாய்மாரின் பிள்ளைகளைவிட, 145-க்குக் குறைந்த தாய்மாரின் பிள்ளைகள் ஐந்து வயதுக்குள் இறக்கும் வாய்ப்பு சுமார் 40 விழுக்காடு கூடுதலாக இருந்தது.

'குள்ளம் பரம்பரைவாகு' என்று சொல்லி நகர்ந்துவிடுவது எளிது. பரம்பரைக்கும் இதில் பங்குண்டு. ஆனால் ஒரு சிறுமி தன் பரம்பரை அனுமதிக்கும் உயரம் முழுவதையும் எட்டுகிறாளா என்பதை அவள் தட்டில் விழுந்த சோறும், அவளுக்கு வந்த வயிற்றுப்போக்கும், அவள் பார்த்த வேலையும்தான் தீர்மானிக்கின்றன. இந்தக் கரிசல் பூமியில் அந்த வேலை எது என்று எல்லோருக்கும் தெரியும். விடியுமுன் தீப்பெட்டி ஆபீஸ் பஸ் ஊருக்குள் வந்து சிறுமிகளை ஏற்றிச் சென்ற காலம் அது. கட்டையில் குச்சி அடுக்கிய கைகளில் பலவற்றுக்குப் பத்து, பன்னிரண்டு வயதுதான் இருக்கும். 1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1988-ல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் தொடங்கியபோது முதலில் எடுத்துக்கொண்ட இடங்களில் சிவகாசியும் ஒன்று. சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் குறித்து எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1996 டிசம்பரில். அதுவரை வளர்ந்து முடிந்த எலும்புகளுக்கு எந்தத் தீர்ப்பும் உதவாது.

1990-ல் பத்து வயதில் கட்டை அடுக்கியவளுக்கு இன்று பேரப்பிள்ளை பிறக்கும் வயது. அவள் மகள் ஒருவேளை பள்ளிப் படிப்பை முடித்தவளாக இருக்கலாம், குச்சியைத் தொடாதவளாகவும் இருக்கலாம். ஆனாலும் அவள் கருவில் வளர்ந்தது அந்தக் குறுகிய உடலில்தான். ஒரு பெண்ணின் கருமுட்டைகள் எல்லாம் அவள் தாயின் வயிற்றில் இருக்கும்போதே உருவாகிவிடுகின்றன. இன்று பிறக்கும் குழந்தையின் முதல் உயிரணு, அந்தப் பாட்டியின் உடலுக்குள் உருவானது. அட்டையில் 143 என்று எழுதும்போது நாம் இரண்டு பெண்களின் சிறுவயதை அளக்கிறோம்.

மாற்று மருந்தும் இதே மண்ணில் உண்டு. விருதுநகரில் பிறந்த காமராசர் 1956-ல் பள்ளிகளில் மதிய உணவைத் தொடங்கினார். 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். பள்ளியில் இலவச உணவு உண்ட சிறுமிகள் பின்னாளில் தாயானபோது, அவர்களின் குழந்தைகள் வயதுக்கேற்ற உயரத்தில் மேம்பட்டிருந்தார்கள் என்று காட்டும் இந்திய அளவிலான ஆய்வொன்று 2021-ல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் வெளியானது. சோற்றின் பலன் ஒரு தலைமுறை தாண்டித் தெரிகிறது.

3. எடை

மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக் குழுவினர் 1990-களில் புனேயைச் சுற்றியுள்ள கிராமங்களில் நடத்திய ஆய்வு நம் பகுதிக்கும் பொருந்தும். கருத்தரிக்கும்போது அத்தாய்மாரின் சராசரி எடை 42 கிலோ, உயரம் 152 செ.மீ. குழந்தைகள் சராசரியாக 2.7 கிலோ. கடும் உடலுழைப்பு கூடக் கூடக் குழந்தையின் அளவு குறைந்தது. கீரை, பழம், பால் அடிக்கடி சேர்த்தவர்களின் குழந்தைகள் பெரிதாக இருந்தன. எடை குறைந்த அந்தச் சிசுக்களின் உடலில் தசை குறைவு, கொழுப்பு ஒப்பளவில் மிகுதி. பிற்காலச் சர்க்கரை நோய்க்கான விதை அது என்பது யாக்னிக்கின் வாதம்.

பட்டாசு ஊர்களில் இதோடு ஒரு பயமும் சேர்கிறது. 'புள்ள பெருசாயிட்டா பிரசவம் கஷ்டம்' என்று நிறைமாதத்தில் சோற்றைக் குறைத்துக்கொள்ளும் பெண்கள் உண்டு. இதை அறியாமை என்று ஒதுக்க மாட்டேன். குள்ளமான உடலோடு தடைப்பட்ட பிரசவத்தைக் கண்ட கிழவிகளின் அனுபவம் அதில் இருக்கிறது. ஆனால் கடைசி மாதங்களின் பட்டினி எலும்பை அகலமாக்காது. குழந்தையின் தோலடிக் கொழுப்பைத்தான் குறைக்கும். அக்குழந்தை பிறந்த சில மணி நேரத்திலேயே உடல் குளிர்ந்து, சர்க்கரை இறங்கித் துவளக்கூடும்.

மறுமுனையும் வந்துவிட்டது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழகப் பெண்களில் மெலிந்தவர் 12.6 விழுக்காடு, அதிக எடையுள்ளவர் 40.4. சிறுவயதில் வளர்ச்சி குன்றி, பின்னர் எடை கூடிய பெண்ணுக்குக் கர்ப்ப காலச் சர்க்கரை வரும் வாய்ப்பு கூடுதல். வந்தால் குழந்தை பெருக்கும், வழியோ குறுகியது. அங்கே பெரும்பாலும் கத்தியைத் தவிர வேறு வழி இராது.

4. ரத்தம்

மூன்றில் இன்றே மாற்றக்கூடியது இது ஒன்றுதான். ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே போனால் ரத்தசோகை, 7-க்குக் கீழே போனால் கடுமையானது. அதே தேசியக் குடும்ப நல ஆய்வில் தமிழகக் கர்ப்பிணிகளில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு ரத்தசோகை. குறைமாதப் பிரசவம், எடைக்குறைவு, பிரசவத்தில் தாயின் உயிருக்கே ஆபத்து எனத் தொடரும் விளைவுகளை அனைவரும் அறிவர். குழந்தை தன் முதல் ஆறு மாதத்துக்கான இரும்பைத் தாயிடமிருந்து பெரும்பாலும் கடைசி மூன்று மாதத்தில்தான் சேமிக்கிறது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

180 நாள் மாத்திரை, ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இரும்புச்சத்து ஊசி, முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் மொத்தம் 18,000 ரூபாயும் அதற்குள்ளேயே சத்துப் பெட்டகமும் என்று அரசு தருவது குறைவில்லை. ஆனால் காலை வண்டியைப் பிடிக்க வெறும் டீயோடு ஓடுகிறவள், மாத்திரையையும் அதே டீயோடு விழுங்கினால் இரும்பு உடலில் சரியாகச் சேராது. வயிறு புரட்டும், மலம் கறுக்கும், பிள்ளை கறுப்பாகப் பிறக்கும் என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். மாத்திரை அடுக்குப் பானைக்குள் போய்விடும்.

2018 டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில், ரத்தசோகைக்காக ரத்தம் ஏற்றப்பட்ட ஒரு கர்ப்பிணிக்கு ஹெச்.ஐ.வி. தொற்றுள்ள ரத்தம் செலுத்தப்பட்டது. ரத்த வங்கியின் பிழையைத்தான் நாடு பேசியது, அது சரிதான். ஆனால் அதற்கு முந்தைய கேள்வி இன்னும் நிற்கிறது. மாத்திரையும் ஊசியும் கிடைக்கும் மாவட்டத்தில், ஒரு பெண்ணுக்குப் பிறர் ரத்தம் தேவைப்படும் நிலை ஏன் வருகிறது?

5. எழுதப்படாத எண்

நான்காவதாக ஒன்று அட்டையில் ஏற வேண்டும்: தொழில். மின்விசிறி வைக்க முடியாத பட்டாசு மருந்து அறைகளின் வெக்கையை அதில் வேலை செய்தவரே அறிவர். ஸ்ரீராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் தமிழகத்தில் 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து 2024-ல் வெளியிட்ட முடிவின்படி, கடும் வெப்பத்தில் வேலை செய்வோருக்குக் கருச்சிதைவும் வயிற்றிலேயே குழந்தை இறப்பதும் ஏறக்குறைய இரு மடங்கு. பட்டாசுக்குப் பயன்படும் பெர்குளோரேட் தைராய்டு சுரப்பிக்கு அயோடின் போய்ச் சேர்வதைத் தடுக்கும் உப்பு. கருவிலுள்ள குழந்தையின் மூளை வளர்ச்சி தாயின் தைராய்டை நம்பியிருக்கிறது. தென்னிந்தியப் பட்டாசு உற்பத்திப் பகுதியின் நிலத்தடி நீரில் இவ்வுப்பு இருப்பதை 2013-ல் ஓர் ஆய்வு காட்டியது.

மகப்பேறு நலச் சட்டம் 2017-ல் திருத்தப்பட்டு 26 வார விடுப்பு ஊதியத்தோடு கிடைத்தது. அதைப் பெற ஓராண்டில் 80 நாள் வேலை பார்த்த பதிவு வேண்டும். உருப்படிக் கூலிக்கு வீட்டுத் திண்ணையில் பட்டாசுக் குழாய் சுற்றுகிறவளின் பெயர் எந்த ஆலைப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. கர்ப்ப காலத்தில் அவள் பெயர் இருக்கும் தாள் தாய் அட்டைதான். எனவே அதிலேயே எழுதலாம்: குழாய் சுற்றுகிறாரா, திரி வெட்டுகிறாரா, மருந்து செலுத்துகிறாரா, நாளைக்கு எத்தனை மணி நேரம், எந்த மாதம் வரை.