ருக்மணி தேவி: றம்பொடையில் பிறந்த சிங்களத் திரையின் முதல் நாயகி

ருக்மணி தேவி (15 ஜனவரி 1923 – 28 ஒக்டோபர் 1978) இலங்கையின் நாடக, திரைப்பட நடிகை, பாடகி. 1947 இல் வெளிவந்த முதல் சிங்களப் பேசும் படமான ‘கடவுனு பொரொந்துவ’வின் கதாநாயகி. நுவரெலியா மாவட்டத்து றம்பொடையில் ஒரு தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் டெய்சி ராசம்மா டேனியல்ஸ்; ருக்மணி தேவி என்பது மேடைப் பெயர். ஏழு வயதில் மேடை ஏறியவர், கடைசி இரவு வரை மேடையை விட்டு இறங்கவில்லை. சிங்கள ரசிகர்கள் அவரை இலங்கையின் குயில் என்று கொண்டாடினார்கள். தமிழ் வாசகர்களில் பலருக்கு அவர் தமிழர் என்பதே செய்தியாக இருக்கும்.

பிறப்பு

கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் பாதையில், வளைவுகளுக்கு நடுவே பெரிய நீர்வீழ்ச்சியோடு இருக்கும் ஊர் றம்பொடை. சுற்றிலும் தேயிலை. தந்தை ஜோன் டேனியல்ஸ் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். தாய் ஹெலன் றோஸ் ஆசிரியை. குடும்பம் கொழும்புச் செட்டி சமூகத்தைச் சேர்ந்தது. தென்னிந்தியாவிலிருந்து வணிகர்களாக வந்து கொழும்பில் நிலைத்து, காலப்போக்கில் பெரும்பாலும் கிறிஸ்தவர்களாகி, ஆங்கிலத்தையும் சிங்களத்தையும் வீட்டுக்குள் எடுத்துக்கொண்ட சமூகம் அது.

இதை இங்கேயே தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது. அவரை ‘மலையகத்தின் மகள்’ என்று எழுதும்போது, தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்துக் காம்பராவில் வளர்ந்து கொழுந்துக் கூடை சுமந்த பெண்ணொருத்தி திரைக்கு வந்தாள் என்ற எண்ணம் எழக்கூடும். அது சரியல்ல. தோட்டத்தில் துரைக்குக் கீழே உத்தியோகத்தர், அவர்களுக்குக் கீழே கங்காணி, அடியில் தொழிலாளி என்று படிகள் இருந்தன. ஆசிரியையின் மகளுக்குக் கிடைத்த படிப்பும் கொழும்புத் தொடர்பும் காலையில் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) எழும்பி ஓடிய பெண்ணின் மகளுக்குக் கிடைக்கவில்லை. டெய்சி சின்ன வயதிலேயே கொழும்புக்குப் போய்விட்டார். அவருடைய கலை வாழ்க்கையில் மலையகத்துக்கு உள்ள பங்கு பிறந்த மண் என்பதுதான். அந்த அளவோடு சொன்னாலும் அது சின்ன விஷயமல்ல.

குழந்தைக் கலைஞர்

ஏழு வயதில், இரட்சணிய சேனையினர் போட்ட கிறிஸ்மஸ் நாடகம் ஒன்றில் நடித்தார். செருப்புத் தைப்பவரின் மனைவியைப் பற்றிய கதை அது. தமிழின் முதல் பேசும் படமான ‘காளிதாஸ்’ 1931 இல்தான் வந்தது. டெய்சி மேடையேறியது அதற்குச் சற்று முன்பு. பன்னிரண்டு வயதில் நாடகக்காரர் டிக் டயஸின் கண்ணில் பட்டு, ‘ராமாயணய’ என்ற சிங்கள நாடகத்தில் சீதையானார். நுவரெலியாவுக்கு அருகில் சீதாஎலிய என்ற ஊரும் அங்கே சீதையம்மன் கோயிலும் உண்டு. சீதை சிறையிருந்த இடம் அதுவென்று மக்கள் நம்புகிறார்கள். அந்த மலையில் பிறந்த குழந்தை கொழும்பு மேடையில் சீதையாக நின்றது தற்செயல்தான். ஆனாலும் எழுதாமல் விட மனம் வரவில்லை.

அதே காலத்தில் கடலுக்கு அந்தப் பக்கம் குழந்தை நட்சத்திரம் என்ற புதிய தொழிலே உருவாகிக்கொண்டிருந்தது. அமெரிக்காவில் ஷெர்லி டெம்பிள் 1932 இல் நடிக்கத் தொடங்கினார். கே. சுப்பிரமணியம் இயக்கிய ‘பாலயோகினி’ (1937) பேபி சரோஜாவைத் தமிழ்நாடு முழுக்கக் கொண்டுசென்றது. பிறந்த பெண் குழந்தைகளுக்கு சரோஜா என்று பெயர் வைப்பது ஓர் அலையாக எழுந்தது. பின்னர் குமாரி கமலா, அதற்கும் பின்னர் நான்கு வயதில் முருகனாக வந்த ஸ்ரீதேவி என்று அந்த வரிசை நீண்டது. டெய்சிக்கு அந்த வழி இல்லை. இலங்கையில் படம் பார்க்கக் கொட்டகைகள் இருந்தன. படம் எடுக்கும் தொழில் இல்லை. ஆகவே அவர் குழந்தைப் பருவம் முழுவதும் மேடையிலும், அடுத்துக் குரலிலும் கழிந்தது.

குரல்தான் முதலில் வென்றது. பாடகர் எச். டபிள்யூ. ரூபசிங்கவுடன் சேர்ந்து ‘சிரி புத்தகயா விகாரே’ என்ற பாடலை இசைத்தட்டுக்காகப் பாடியபோது அவர் பதின்ம வயதுப் பெண். புத்தகயா விகாரையைப் போற்றும் பாடலைப் பாடியது ஒரு கிறிஸ்தவத் தமிழ்ச் சிறுமி. அன்றைய கேட்போர் இதை விந்தையாக எண்ணியதாகத் தெரியவில்லை. அதேபோல், சேலத்தில் பிறந்த முஸ்லிமான மொகிதீன் பேக் பாடிய பௌத்த பக்திப் பாடல்கள் இன்றுவரை வெசாக் பந்தல்களில் ஒலிக்கின்றன.

சிங்கள மேடைக்குள் ஒரு தமிழ்ப் பெண் இப்படி இயல்பாக நுழைய முடிந்ததற்குப் பின்னணி உண்டு. மேற்குக் கரையோரத்துச் சிங்கள ‘நாடகம’ மரபு தமிழ்க் கூத்திலிருந்து வளர்ந்தது. அதன்பின் வந்த ‘நூர்த்தி’, பம்பாயின் பார்சி நாடகக் கம்பனிகள் கொழும்புக்கு வந்து ஆடியதைப் பார்த்துப் பிறந்தது. நூர்த்தி நாடகாசிரியர் ஜோன் டி சில்வாவின் நாடகங்களுக்கு மெட்டமைக்க இந்தியாவிலிருந்தே விஸ்வநாத் லௌஜி வரவழைக்கப்பட்டார். இந்திய ராகத்தில் பழகிய தொண்டைக்கு அந்த மேடையில் இடம் தயாராகவே இருந்தது.

மினர்வாவும் மதுரையும்

1940களில் நீர்கொழும்பைச் சேர்ந்த மினர்வா நாடகக் குழுவில் சேர்ந்தார். குழுவை நடத்தியவர் நாடகாசிரியர் பி. ஏ. டபிள்யூ. ஜெயமான்ன. அவருடைய தம்பி எடி ஜெயமான்ன நகைச்சுவை நடிகர். ருக்மணி எடியைக் காதலித்து மணந்துகொண்டார். அண்ணன் எழுத, தம்பி சிரிக்க வைக்க, தம்பி மனைவி பாடி அழ வைக்க, மினர்வா தீவு முழுக்கப் பெயர் பெற்றது. வாக்குத் தவறிய காதலைச் சொல்லும் ‘கடவுனு பொரொந்துவ’ அந்தக் குழுவின் பெயர்போன நாடகங்களில் ஒன்று.

அதைப் படமாக்க முன்வந்தவர் தமிழரான எஸ். எம். நாயகம். சிங்களத் திரையுலகின் பிறப்பைப் பேசும் எந்த வரலாறும் இந்தப் பெயரிலிருந்துதான் தொடங்க வேண்டும். கொழும்பில் அப்போது ஸ்டூடியோ இல்லை. எனவே மினர்வா குழு மதுரைக்குப் போனது; அங்கே நாயகத்தின் சித்ரகலா மூவிடோனில் படப்பிடிப்பு நடந்தது. இயக்கியவர் வங்காளியான ஜோதிஷ் சிங். பணமும் ஸ்டூடியோவும் தமிழருடையவை, இயக்கம் வங்காளியுடையது, கதையும் நடிகர்களும் நீர்கொழும்பு, நாயகி றம்பொடையில் பிறந்த தமிழ்ப் பெண்: இத்தனையும் சேர்ந்ததே முதல் சிங்களப் பேசும் படம். அந்நாளில் கொழும்பிலிருந்து மதுரைக்குச் செல்லும் வழக்கமான வழி தலைமன்னாருக்கு ரயில், அங்கிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பல். முன்பு தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து ஆள் வந்ததும் மண்டபம் இடைத்தங்கல் முகாம் தாண்டி அதே பாதையில்தான்.

படம் 21 ஜனவரி 1947 அன்று கொழும்பு கொட்டாஞ்சேனை கிங்ஸ்லி தியேட்டரில் திரையிடப்பட்டது. ரஞ்சனி என்ற பாத்திரத்தில் ருக்மணி நடித்தார். தன் பாடல்களைத் தானே பாடினார். நடிகை ஒருத்தி, குரல் வேறொருத்தி என்ற ஏற்பாடு சிங்களத்துக்கு இன்னும் வந்திருக்கவில்லை. சிங்களச் சினிமா தன் பிறந்த நாளாகக் கொள்வது இந்தத் தேதியைத்தான்.

அடுத்த ஆண்டு, 1948 இல், அதே ஜெயமான்ன நாடகங்களிலிருந்து ‘கபடி ஆரக்ஷகயா’ வந்தது. அதே ஆண்டில்தான் குடியுரிமைச் சட்டம் நிறைவேறி, தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பான்மையோரை நாடற்றவர்களாக்கியது. பாராளுமன்றம் இந்திய வம்சாவளித் தமிழரைக் கணக்கிலிருந்து நீக்க, கொட்டகைகளில் தமிழ்ப் பெண்ணொருத்தியின் முகத்துக்கு வரிசை நின்றது. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு எதுவுமில்லை. ருக்மணியின் குடும்பம் சட்டத்தின் இலக்கான கூட்டமும் அல்ல. இருந்தாலும் அந்த ஆண்டை எழுதும்போது இரண்டையும் ஒரே பக்கத்தில் வைக்கத்தான் தோன்றுகிறது.

1950களும் பிறகும்

1950களில் மினர்வா நாடகங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் படமாயின. பெரும்பாலும் ஒரே அச்சுதான்: துன்பப்படும் நல்லவள், சதிகாரன், இடையிடையே எடியின் சிரிப்பு, ஆறேழு பாட்டு. மெட்டுகளில் பல இந்தி, தமிழ்ப் படங்களிலிருந்து எடுத்தவை. நாயகம் பின்னர் கந்தானையில் ஸ்டூடியோ கட்டினார், தயாரிப்பாளர் கே. குணரத்தினம் ஹெந்தளையில் விஜயா ஸ்டூடியோவை நிறுவினார், நாகர்கோவில்காரரான ஆர். முத்துசாமி சிங்களப் படங்களுக்கு இசையமைக்கத் தொடங்கினார். சிங்களச் சினிமா ஊர் திரும்பிய பின்னும் அதன் பட்டறைகளில் தமிழ்க் கைகள் இருந்தன.

1956 இல் இயக்குநர் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் ‘ரேகாவ’ படம் ஸ்டூடியோவை விட்டு வெளியேறிக் கிராமத்துக்குப் போனது. அதில் கதையைத் தாங்கியவர்கள் சோமபால தர்மப்பிரிய, மர்ட்டில் பெர்னாண்டோ என்ற இரு குழந்தைகள். அதன்பின் விமர்சகர்களுக்கு மினர்வா பாணி கேலிக்குரியதாயிற்று. நாடக மேடையைக் கமராவுக்கு முன் தூக்கி வைத்தது போலிருந்தது என்று அவர்கள் சொன்னது பொய்யல்ல. ருக்மணியின் நடிப்பிலும் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும் என்ற மேடைப் பழக்கம் இருந்தது. ஆனால் அந்தக் கணக்கில் பாட்டைச் சேர்க்க மறந்துவிட்டார்கள். பின்னால் வந்த பாடகிகள் பலருக்கு அவர் குரலே முதல் பாடம். வானொலியில் அவர் பாடியவை படங்களைவிட அதிகம் நிலைத்தன. 1959 இல் வந்த ‘தைவயோகய’வில் அவர் பாடிய தாலாட்டு இன்றும் சிங்கள வீடுகளில் கேட்கிறது, படத்தின் கதை எத்தனை பேருக்கு நினைவிருக்கும் என்று தெரியாது.

வயது ஏறியபோது நாயகி இடம் இளையவர்களுக்குப் போனது. அவர் தாய், மூத்த பெண் போன்ற வேடங்களை ஏற்றுத் தொடர்ந்து நடித்தார். மொத்தம் ஏறத்தாழ 100 படங்கள். 1970களில் எலெக்ட்ரிக் கித்தாரும் ட்ரம்ஸும் புகுந்து, கிளாரன்ஸ் விஜேவர்தன போன்றவர்களின் பொப் இசை தீவைப் பிடித்துக்கொண்டது. பழைய தலைமுறையில் பலர் முகம் சுளித்து ஒதுங்க, ருக்மணி தேவி அத்தகைய இசைக் குழுக்களோடு மேடையேறித் தன் பழைய பாடல்களைப் புதிய தாளத்தில் பாடினார். இசைத்தட்டுக் காலத்துப் பாடகி ஒருவர் ஐம்பது வயதுக்கு மேல் இளைஞர் கூட்டத்தைக் கவர்ந்தது அவர் வாழ்க்கையில் அதிகம் எழுதப்படாத பகுதி. என் பார்வையில் மிகத் துணிச்சலானதும் அதுவே.

28 ஒக்டோபர் 1978 அன்று, மாத்தறை உயன்வத்தை மைதானத்தில் நடந்த இசை நிகழ்ச்சியில் பாடிவிட்டு நீர்கொழும்புக்குத் திரும்பும் வழியில், ஜா-எலைக்கு அருகே துடெல்லவில் நேர்ந்த வாகன விபத்தில் இறந்தார். இறுதிச் சடங்குக்கு நீர்கொழும்பில் பெருங்கூட்டம் திரண்டது. எடி ஜெயமான்ன 1981 இல் காலமானார். நீர்கொழும்பில் ருக்மணி தேவிக்குச் சிலை உண்டு.

மலையகமும் திரையும்

நீர்கொழும்பு அவரைத் தன்னவராகக் கொண்டதில் நியாயம் உண்டு. மணமுடித்ததும் வாழ்ந்ததும் அங்கேதான். றம்பொடைக்கு வரும் பயணிகள் நீர்வீழ்ச்சியையும், பிற்காலத்தில் எழுந்த அனுமான் கோயிலையும் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

தோட்ட மக்கள் தமக்கான முகங்களைப் பெரும்பாலும் தமிழ்நாட்டுப் படங்களில் தேடினார்கள். ஹட்டன், நுவரெலியா பக்கத்துக் கொட்டகைகளில் எம்.ஜி.ஆர்., சிவாஜி படங்களுக்கு இருந்த கூட்டம் தனிக் கதை. அவர்களுடைய வாழ்க்கையே கதையாக வர 1960கள் வரை பொறுக்க வேண்டியிருந்தது. இலங்கையின் முதல் 35 மி.மீ. தமிழ்ப் படமான ‘தோட்டக்காரி’யைக் கிருஷ்ணகுமார் தேயிலைத் தோட்டத்தைக் களமாக வைத்து எடுத்தார். தொழிற்சங்கத் தலைவர் வி. பி. கணேசன் 1975 இல் ‘புதிய காற்று’ படத்தைத் தயாரித்து, தானே நாயகனாக நடித்தார். ருக்மணி தேவி மறைந்த 1978 இல் கணேசனின் ‘நான் உங்கள் தோழன்’ வெளிவந்தது. நாடகக் குழுவும் கொழும்பு மேடையும் இசைத்தட்டுக் கம்பனியும் டெய்சி டேனியல்ஸுக்குச் செய்ததை மலையகத்தில் தொழிற்சங்கம் செய்ய வேண்டியிருந்தது.